தெருமுனை மெடிக்கலில் மாதச் சீட்டு

"ஆப்ல போட்டா இருபது பர்சன்ட் குறையுதுண்ணே, வாசலுக்கே வந்துடுது. அப்புறம் எதுக்கு நம்ம தெருமுனை மெடிக்கல்ல போய் நிக்கணும்?"

எதிர்வீட்டுத் தம்பி கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான். அவர் அம்மாவுக்கு சுகர், பிரஷர், தைராய்டு மூன்றும் உண்டு. முதல் தேதி சம்பளம் வந்ததும் மாத்திரைக்கென்று தனியாகப் பணம் எடுத்து வைக்கிற வீடு. அங்கே மாதம் ஐந்நூறு ரூபாய் மிஞ்சினால் அது பெரிய தொகை. "நம்ம ஊர்க் கடையை நாமதான் காப்பாத்தணும்" என்று ஒரு வரி சொல்லி அவரை அனுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை. பூந்தமல்லி டிரங்க் ரோட்டு டீக்கடையில் இரண்டு டீ சொல்லி உட்கார வைத்து, எனக்குத் தெரிந்ததை முதலிலிருந்து சொன்னேன். அன்று சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நீங்கள் காசைப் பற்றிக் கேட்டீர்கள் தம்பி, அதிலிருந்தே வருகிறேன். மருந்துக்கு எம்ஆர்பி என்று அச்சிடுகிறார்களே, அதில் கடைக்காரருக்கு எவ்வளவு நிற்கிறது? அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பவற்றுக்கு மத்திய அரசு உச்சவிலை வைக்கிறது. 2013ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி அந்தக் கணக்கில் சில்லறைக் கடைக்கென்று சேர்க்கப்படுவது 16 சதவீதம். கடைக்கு நூறு ரூபாய்க்கு வருகிற மருந்தின் உச்சவிலை 116, அதன்மேல் ஜிஎஸ்டி. பட்டியலில் இல்லாத மருந்துகளில் கடைக்கு 20, ஸ்டாக்கிஸ்ட் என்கிற மொத்த வியாபாரிக்கு 10 என்பது நெடுநாள் வியாபார வழக்கம். இந்தப் பதினாறிலும் இருபதிலும்தான் குமணன்சாவடி, கரையான்சாவடி மெயின் ரோட்டு வாடகை, இரவும் பகலும் ஓடுகிற ஃப்ரிட்ஜின் கரண்ட் பில், பார்மசிஸ்ட் சம்பளம், விற்காமல் தேங்குகிற சரக்கு எல்லாம் அடங்க வேண்டும். அதற்கு மேல் உங்களுக்கு பத்து சதவீதம் குறைத்துக் கொடுக்கிற கடைகள் நம் ஊரில் இருக்கின்றன. அவர்கள் கையிலிருந்து கொடுக்கிறார்கள் என்பதை இந்தக் கணக்கு தெரிந்தவர்கள் உணர்வார்கள்.

அப்படியானால் ஆப்காரர்கள் இருபது, இருபத்தைந்து எப்படிக் கொடுக்கிறார்கள்? மொத்தமாகக் கொள்முதல் செய்வதால் ஸ்டாக்கிஸ்ட்டின் பங்கையும் கம்பெனி தரும் சலுகையையும் சேர்த்து வாங்கிவிடுகிறார்கள். அது ஒரு பகுதி. இன்னொரு பகுதி முதலீட்டாளர் பணம். வாடிக்கையாளரைப் பழக்கப்படுத்தும்வரை நஷ்டத்தில் விற்கலாம் என்று கொட்டிய பணம். ஃபார்ம்ஈஸி ஆப்பை நடத்தும் நிறுவனம் 2022-23ஆம் நிதியாண்டில் காட்டிய நஷ்டம் 5,000 கோடி ரூபாய்க்கு மேல். முழுக்கத் தள்ளுபடியால் வந்த நஷ்டம் என்று சொல்ல மாட்டேன். வாங்கிப்போட்ட கம்பெனிகளின் மதிப்பு சரிந்ததும் அதில் பெரும்பங்கு. ஆனால் இந்த வியாபாரம் தன் காலில் நின்று இருபது சதவீதம் தந்துகொண்டிருக்கவில்லை என்பது அந்தக் கணக்கில் தெரிகிறது. 2020 ஆகஸ்டில் ரிலையன்ஸ் சுமார் 620 கோடி ரூபாய் கொடுத்து நெட்மெட்ஸ் ஆப்பின் பெரும்பங்கை வாங்கியது. அடுத்த ஆண்டு டாடா குழுமம் 1எம்ஜி என்ற ஆப்பின் பெரும்பங்கை வாங்கியது. போட்ட பணத்தை ஒருநாள் எடுக்காமலா விடுவார்கள்? அப்போது உங்கள் தெருவில் விலை கேட்டுப் பார்க்க வேறு கடை இருக்குமா என்பதுதான் என் கவலை.

நெட்மெட்ஸைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது எங்கிருந்தோ வந்து இறங்கியதில்லை. சென்னையில் 1914லிருந்து மருந்து வியாபாரத்தில் இருக்கிற தாதா குடும்பம் தொடங்கியது. மருந்துக்கடையின் அருமை தெரிந்தவர்களே ஆப்புக்குப் போனார்கள் என்றால், காலம் எந்தப் பக்கம் போகிறதென்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் ஆப்பே கூடாது என்று நான் பேசப்போவதில்லை. எதை எங்கே வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

அதற்கு முன், காசுதான் முக்கியம் என்றால் ஆப்பைவிட நல்ல வழிகள் நடக்கிற தூரத்திலேயே இருக்கின்றன. பூந்தமல்லி அரசு மருத்துவமனையில் சுகர், பிரஷர் மாத்திரை இலவசம். அந்த மருந்துகளை வாங்கி மாநிலம் முழுக்க அனுப்ப 1994லேயே தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்று ஒன்றை ஏற்படுத்தி, பிற மாநிலங்கள் வந்து பார்த்துப்போகும் அளவுக்கு நடத்திக்கொண்டிருக்கிறோம். நடக்க முடியாத பெரியவர்களுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் 2021 ஆகஸ்டிலிருந்து வீட்டுக்கே மாத்திரை வருகிறது. ஜெனரிக் மருந்துக்கு மக்கள் மருந்தகங்கள் இருக்கின்றன. 2025 பிப்ரவரி 24 அன்று முதல்வர் மருந்தகம் என்ற பெயரில் தமிழ்நாடு முழுக்க ஆயிரம் கடைகள் திறந்தார்கள், கூட்டுறவுச் சங்கங்கள் ஒரு பாதி, பார்மசி படித்தவர்கள் ஒரு பாதி என்று. பிராண்ட் மாத்திரையில் இருபது சதவீதம் குறைவதற்கும், அதே மூலப்பொருள் ஜெனரிக்கில் பாதிக்கும் கீழே கிடைப்பதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாத வித்தியாசம் தம்பி. டாக்டரிடம் கேட்டு, ஜெனரிக் பெயரிலேயே சீட்டு எழுதி வாங்குங்கள். ஜெனரிக் பெயரைப் புரிகிற எழுத்தில், முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016லேயே சொல்லிவிட்டது.

ஏன் டாக்டரிடம் கேட்கச் சொல்கிறேன்? கடைக்காரர் தன்னிஷ்டத்துக்கு பிராண்டை மாற்றித் தரக் கூடாது. டாக்டர் சீட்டில்தான் தர வேண்டிய மருந்துகளில், எழுதியதற்குப் பதிலாக வேறு தயாரிப்பைத் தர விதி இடம் கொடுப்பதில்லை. "இது இல்லீங்க, அதே மருந்து வேற கம்பெனில இருக்கு" என்று நீட்டினால், டாக்டருக்கு ஒரு போன் போட்டுவிட்டு வாங்குங்கள்.

சரி, கடைக்குள் வருவோம். ஒரு மருந்துக்கடை திறக்க 1940ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும். குறைந்தது பத்து சதுர மீட்டர் இடம், ஃப்ரிட்ஜ், பதிவுபெற்ற பார்மசிஸ்ட் எல்லாம் இருந்தால்தான் உரிமம். டாக்டர் சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கிறவர் பதிவுபெற்ற பார்மசிஸ்ட்டாக இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டு பார்மசி சட்டம் தனியாகச் சொல்கிறது. உரிமச் சான்றிதழைக் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டி வைக்க வேண்டும். நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் கல்லாவுக்குப் பின்னால் சாமி படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பார்கள். ஒரு தடவை நிமிர்ந்து படியுங்கள். அந்தச் சான்றிதழில் இருக்கிற பெயர்க்காரர்தான் உங்கள் அம்மாவின் மாத்திரைக்குச் சட்டப்படி பதில் சொல்ல வேண்டியவர். மருந்து ஆய்வாளர் எந்த நேரமும் உள்ளே வந்து ஃப்ரிட்ஜைத் திறந்து பார்க்கலாம், மாதிரி எடுக்கலாம், பில் புத்தகத்தைக் கேட்கலாம்.

இப்போது ஒரு சின்ன வேலையைக் கிட்டத்தில் பாருங்கள். பத்து மாத்திரை அட்டையில் நாலு மட்டும் கேட்கிறீர்கள். அட்டையின் ஒரு ஓரத்தில் பேட்ச் நம்பரும் எக்ஸ்பயரி தேதியும் அச்சாகியிருக்கும். வேலை தெரிந்த கடைக்காரர் அட்டையைத் திருப்பிப் பார்த்து, அந்த ஓரம் தன்னிடம் மிஞ்சும்படி எதிர்ப்பக்கத்திலிருந்து கத்தரிப்பார். கத்தரியை மாத்திரைக்கு ரொம்ப ஒட்டியும் வைக்க மாட்டார், குமிழில் ஓட்டை விழுந்தால் காற்றுப் பட்டு மாத்திரை நமத்துவிடும். கடையில் மிஞ்சுகிற ஆறு மாத்திரைக்கு அந்த ஓரம்தான் அடையாளம். உங்களிடம் வந்த நாலுக்கு அடையாளம் பில். மருந்தின் பெயர், கம்பெனி, பேட்ச் நம்பர், எக்ஸ்பயரி எல்லாம் அதில் வர வேண்டும். "பில்லா? வேணாங்க" என்று நாமே சொல்லிவிட்டு வருகிறோம். அதை மட்டும் இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

நாலு மாத்திரை யார் வாங்குகிறார்கள் என்கிறீர்களா? திருமழிசை தொழிற்பேட்டையிலிருந்து ஷிஃப்ட் முடிந்து பஸ் இறங்குகிறவர்களைப் பாருங்கள். காய்ச்சலுக்கு இரண்டு நாள் மாத்திரை வாங்குவார்கள், குறைந்துவிட்டால் சரி, இல்லையென்றால் மறுபடி வருவார்கள். சனிக்கிழமை கூலி வந்ததும் தருகிறேன் என்று நோட்டில் எழுதச் சொல்கிறவர்களும் உண்டு. ஆப்பில் நாலு மாத்திரைக்கு ஆர்டர் போட்டால் டெலிவரி கட்டணமே மாத்திரை விலையைத் தாண்டிவிடும். நமக்கு வசதி வந்துவிட்டது, ஆப்புக்கு மாறிவிடுகிறோம். நம்முடைய மாதச் சீட்டின் வருமானத்தில் நிற்கிற கடைதான் அவர்களுக்கு நாலு மாத்திரை வெட்டிக் கொடுக்கிறது. நான் கடையை ஆதரிக்கச் சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்கு இல்லை.

அடுத்தது உங்கள் அம்மாவின் மாத்திரைப் பை. வயிற்றெரிச்சலுக்கு ஒரு டாக்டர் பான்டோசிட் எழுதுவார், முழங்கால் வலிக்கு வேறு டாக்டரிடம் போனால் அவர் பான் 40 எழுதுவார். இரண்டும் பான்டோபிரசோல்தான். டோலோவும் கால்பாலும் பாரசிட்டமால்தான். சளிக்கென்று வாங்குகிற மாத்திரைக்குள்ளும் அதே பாரசிட்டமால் இருக்கலாம். மூன்றையும் சேர்த்துப் போட்டால் கல்லீரலுக்கு ஆபத்தான அளவைத் தொட்டுவிடலாம். கிளைக்கோமெட் ஜிபியில் மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்திருக்கின்றன. அது தெரியாமல் தனியாக இன்னொரு கிளிமிபிரைடு போட்டால் சுகர் திடீரென்று கீழே இறங்கி மயக்கம் வரும். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போட வேண்டும், கால்சியம் மாத்திரைக்கும் அதற்கும் நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும். சேர்த்துப் போட்டால் தைராய்டு மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது. ஆறு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்ஹெச் அளவு ஏறிவிட்டது என்று டோஸைக் கூட்டுவார்கள். காரணம் காலைக் காபியோடு சேர்த்துப் போட்ட கால்சியமாக இருக்கும்.

இதையெல்லாம் டாக்டர் கேட்க வேண்டாமா என்றால், கேட்க வேண்டும்தான். ஆனால் சுகர் டாக்டர் போரூரில், மூட்டு டாக்டர் வேலப்பன்சாவடியில், கண் டாக்டர் நகரத்துக்குள் என்று நாம் போய்வருகிறோம். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரிவதில்லை. எல்லாச் சீட்டும் வந்து சேர்கிற ஒரே இடம் தெருமுனை மெடிக்கல். ஒரே கடையில் வாங்கினால் அங்கே இருக்கிற பார்மசிஸ்ட், "அம்மா ஏற்கெனவே ஒரு கேஸ் மாத்திரை போடுறாங்களே" என்று ஒரு வார்த்தை கேட்பார். ஒன்றை ஆப்பில், ஒன்றை ஆஸ்பத்திரிக் கடையில், ஒன்றை இங்கே என்று பிரித்து வாங்கினால் அந்த ஒரு வார்த்தையைக் கேட்க ஆள் இருக்காது.

இன்சுலின் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பிரித்துப் பயன்படுத்த ஆரம்பித்த பேனா அதிகம் சூடில்லாத இடத்தில் ஏறக்குறைய நாலு வாரம் தாங்கும். உறைந்து போனாலோ, வெயிலில் காய்ந்தாலோ, பார்க்க அப்படியே இருக்கலாம், வேலை மட்டும் சரியாகச் செய்யாது. நல்ல கம்பெனிகள் ஜெல் பேக் வைத்துத்தான் அனுப்புகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அக்னி நட்சத்திரத்தில் மதியம் டெலிவரி ஆள் பையை உங்கள் அபார்ட்மென்ட் செக்யூரிட்டி மேஜையில் வைத்துவிட்டுப் போகிறார். நீங்கள் ஆபீஸ் முடிந்து இரவு எட்டு மணிக்கு எடுக்கிறீர்கள். அதற்குள் ஜெல் பேக் இளகிப்போயிருக்கும். நூறடி தூரத்துக் கடையில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து, தெர்மாகோல் டப்பாவில் போட்டுத் தருவார்கள். ஐந்து நிமிஷத்தில் உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் போய்விடும். ஃப்ரீசருக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள்.

ஆன்டிபயாடிக் அட்டையின் ஓரத்தில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு பார்த்திருப்பீர்கள். டாக்டர் சொல்லாமல் சாப்பிடக் கூடாது, பாதியில் நிறுத்தவும் கூடாது என்று நினைவூட்டத்தான் அது. 2016இல் அரசு அதற்கென்று ஒரு விழிப்புணர்வு இயக்கமே நடத்தியது. அதற்கு முன்பே, 2014 மார்ச் 1இலிருந்து, ஹெச்1 என்ற அட்டவணை நடப்புக்கு வந்தது. வீரியமான சில ஆன்டிபயாடிக், காசநோய் மருந்துகள், பழக்கமாகிவிடக் கூடிய தூக்க மாத்திரைகள் என்று 46 மருந்துகளோடு அந்தப் பட்டியல் தொடங்கியது. இவற்றை விற்றால் எழுதிய டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், எந்த மருந்து, எத்தனை என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். வலி மாத்திரைகளை ஆன்லைனில் வரவழைத்து இளைஞர்களுக்குப் போதைக்காக விற்றதாகச் சென்னையில் போலீஸ் வழக்குப் போட்ட செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினால், அது யாருடைய சீட்டு, எந்த மாதச் சீட்டு, எத்தனை இடத்தில் ஏற்கெனவே காட்டியாகிவிட்டது என்று எங்கோ உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தெரியும்? கடையில் என்றால் சீட்டைக் கையில் வாங்கி, முகத்தைப் பார்த்து, மருந்து கொடுத்ததற்கு முத்திரை குத்தித் தர முடியும்.

அப்படியானால் ஆன்லைன் விற்பனை சட்டப்படி சரியா என்று கேட்பீர்கள். இந்த வழக்கில் தமிழ்நாட்டுக்குத் தனி இடம் உண்டு. தமிழ்நாடு மருந்து வணிகர்கள் சங்கம் 2018இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அந்த ஆண்டு ஆகஸ்டில் மத்திய அரசு ஆன்லைன் மருந்து விற்பனைக்கு வரைவு விதிகளை வெளியிட்டிருந்தது. வரைவுதான், விதி இல்லை. டிசம்பர் 17 அன்று நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா, விதிகள் அரசிதழில் வரும்வரை ஆன்லைனில் மருந்து விற்கக் கூடாது என்றும், 2019 ஜனவரி 31க்குள் விதிகளை அறிவிக்க வேண்டும் என்றும் தீர்ப்புச் சொன்னார். அதே மாதம் டில்லி உயர் நீதிமன்றமும் ஒரு டாக்டரின் மனுவில் தடை விதித்திருந்தது. ஆப் நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போக, சில வாரங்களிலேயே சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. ஜனவரி 31 போனது, வருஷங்களும் போயின, வரைவு இறுதி விதியாகவில்லை. கொரோனா வந்தபோது 2020 மார்ச் 26 அன்று, உரிமம் உள்ள கடைகள் சீட்டைப் பார்த்து வீட்டுக்கே மருந்து கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று ஓர் அவசர அறிவிப்பு வந்தது. 2023 பிப்ரவரியில் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைவர் ஆன்லைன் நிறுவனங்களுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பினார். பத்து சதுர மீட்டர் கடைக்கு ஒவ்வொன்றுக்கும் விதி இருக்க, நாடு முழுக்க விற்கிறவர்களுக்கென்று தனி விதி இல்லாமலே இத்தனை வருஷம் ஓடியிருக்கிறது. இது எனக்குச் சம்மதமில்லை. ஆன்லைனைத் தடுக்க வேண்டும் என்பதைவிட, அதற்கும் ஒரு விதி வேண்டும் என்பதே என் கட்சி.

டீ கிளாஸ் காலியாகிவிட்டது, இன்னொரு டீ சொல்லிக்கொள்ளுங்கள். இனிமேல் சொல்லப்போவது மனசுக்குக் கஷ்டமான விஷயம்.

நம் பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் போனால் நசரத்பேட்டை, ஸ்ரீபெரும்புதூர் தாண்டி சுங்குவார்சத்திரம். அங்கே இருந்த ஸ்ரீசன் பார்மா என்ற கம்பெனியின் கோல்ட்ரிஃப் இருமல் சிரப் மத்தியப் பிரதேசத்துக்குப் போய், 2025இல் சிந்த்வாரா பக்கம் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் பழுதாகி இறந்தார்கள். தகவல் வந்ததும் அக்டோபர் தொடக்கத்தில் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆலையில் மாதிரி எடுத்துச் சோதித்தது. எஸ்ஆர்-13 என்ற பேட்சில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம் இருந்தது. இருக்கக்கூடிய அளவு 0.1 சதவீதம். விற்பனை தடை செய்யப்பட்டு, அந்த மாதமே ஆலையின் உரிமமும் ரத்தானது. இதே விஷம் 1937இல் அமெரிக்காவில் ஒரு சிரப்பில் கலந்து நூறு பேருக்கு மேல் இறந்து, அந்நாட்டின் மருந்துச் சட்டமே மாறியது. எண்பத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு நம் ரோட்டிலிருந்து ஒரு பாட்டில் அதே வேலையைச் செய்திருக்கிறது.

இதைச் சொல்லிவிட்டு, "பார்த்தீர்களா, கடையில் வாங்கியிருந்தால் பிழைத்திருப்பார்கள்" என்று சொன்னால் அது பொய். அந்தக் குழந்தைகளுக்கு டாக்டர்தான் எழுதினார், உள்ளூர்க் கடையில்தான் வாங்கினார்கள். ஆலையில் நடந்த தப்பைக் கடைக்காரர் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பிறகு எதற்கு இதைச் சொல்கிறேன்? பேட்ச் நம்பருக்காக. எஸ்ஆர்-13 என்று செய்தி வந்த ராத்திரி, வீட்டு அலமாரியில் பாதி குடித்த சிரப் பாட்டில் வைத்திருந்த எத்தனை பேர் லேபிளைத் திருப்பிப் பார்த்திருப்பார்கள்? பில் வைத்திருந்தால் பார்க்கலாம். கடையில் கொண்டுபோய்க் காட்டலாம், கடைக்காரர் ஸ்டாக்கிஸ்ட்டிடம் கேட்பார், ஆய்வாளரிடம் கொடுப்பார். ஆப்பிலும் பில் வருகிறது. அதைத் திறந்து, விற்றவர் யார், எந்த ஊர், உரிம எண் என்ன என்று ஒருமுறை பாருங்கள். ஆப்பின் பெயர் ஒன்றாகவும் விற்ற கடையின் பெயர் வேறாகவும் இருக்கலாம். நம்முடைய மருந்து ஆய்வாளர் அந்தக் கதவைத் தட்ட முடியுமா என்று யோசியுங்கள்.

இன்னொன்று, இரண்டு வயதுக்குக் கீழே சளி, இருமல் சிரப் கொடுக்க வேண்டாம் என்று மத்திய சுகாதாரத் துறை அந்த அக்டோபரில் அறிவுறுத்தியது. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து சிரப் கேட்கிற அம்மாவிடம், "முதல்ல டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்கம்மா" என்று வியாபாரத்தை விடுகிற கடைக்காரர்தான் நல்ல கடைக்காரர். நம் தெருவில் அப்படிச் சொல்வதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

எல்லாக் கடையும் அப்படி இல்லை, தம்பி. உரிமத்தில் ஒருவர் பெயர் இருக்கும், கவுண்டரில் நேற்று வேலைக்குச் சேர்ந்த பையன் நிற்பான். சீட்டே கேட்காமல் ஆன்டிபயாடிக் எடுத்துத் தருவார்கள். எம்ஆர்பி தாராளமாக அச்சிட்ட, கடைக்கு லாபம் கூடுதலாக நிற்கிற மாத்திரையை நம் தலையில் கட்டுவார்கள். பில் கேட்டால் முகம் மாறும். அப்படிப்பட்ட கடைக்கு ஊர்ப்பாசம் காட்ட வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. வேறு கடைக்குப் போங்கள். டிரங்க் ரோட்டில் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாலே வரிசையாக இருக்கின்றன. பார்மசிஸ்ட் யாரென்று கேளுங்கள், பில் கேளுங்கள், தள்ளுபடியும் வெட்கப்படாமல் கேளுங்கள். மாதா மாதம் வருகிறவருக்கு முடிந்ததைக் குறைப்பார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் மருந்துக்கு ஜிஎஸ்டி 12இலிருந்து 5 சதவீதமாகிவிட்டது, உயிர்காக்கும் மருந்துகள் 33க்கு வரியே இல்லை. அந்தக் குறைப்பு பில்லில் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஆப் உபயோகப்படுகிற இடமும் உண்டு. இங்கே எந்தக் கடையிலும் கிடைக்காத அபூர்வ மருந்து, வெளியூரில் தனியாக இருக்கிற பெரியவருக்கு அனுப்ப வேண்டியது, டயப்பர், சத்துமாவு, பிபி பார்க்கிற மெஷின், இவற்றைத் தாராளமாக வாங்குங்கள். மருந்து கிடைக்கவில்லை என்றால் முதலில் கடையில் சொல்லிப் பாருங்கள். காலையில் சொன்னால் பெரும்பாலும் மாலைக்குள் ஸ்டாக்கிஸ்ட் ஆள் பைக்கில் கொண்டுவந்துவிடுவார். வீட்டுக்கு டெலிவரி என்பதும் ஆப் கண்டுபிடித்த வித்தை இல்லை. வாட்ஸ்அப்பில் சீட்டை அனுப்பினால் கடைப் பையன் சைக்கிளில் கொண்டுவந்து தருகிறான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது ஊருக்குள் கரண்டும் இல்லை, போனில் சிக்னலும் இல்லை. ஆர்டர் போடவே வழியில்லாத நாட்கள். தெருமுனையில் ஷட்டரைப் பாதி தூக்கி, டார்ச் வெளிச்சத்தில் அட்டையைத் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். பில் மெஷின் ஓடாததால் கையால் எழுதிக் கொடுத்தார்கள். நெட் இல்லாமல் ஜிபே ஆகாது, அப்புறம் கொடுங்கள் என்று அனுப்பினார்கள். மழை இந்த ஊருக்கு இனியும் வரும்.

அமெரிக்காவில் 1962இல் தொடங்கிய ரைட் எய்ட் என்ற பெரிய மருந்துக்கடைத் தொடர் 2025 அக்டோபரில் கடைசிக் கடையையும் மூடிவிட்டது. கடன், வழக்குகள், இன்சூரன்ஸ் இடைத்தரகர்கள் தருகிற தொகை குறைந்தது என்று காரணங்கள் பல, ஆன்லைன் அதில் ஒன்றுதான். அங்கே சின்ன ஊர்களில் மாத்திரைக்குப் பல மைல் வண்டி ஓட்டுகிறார்கள். அத்தனை பெரிய கடையே நிற்கவில்லை என்றால், பதினாறிலும் இருபதிலும் ஓடுகிற நம் ஊர்க் கடை ஷட்டரை இறக்க ரொம்ப நாள் ஆகாது. ஒருதரம் மூடிய கடையை அடுத்த மாதம் நீங்கள் போய்த் தட்டினாலும் திறக்க முடியாது.

ஆகவே இந்த மாதம் ஒன்று செய்யுங்கள். வீட்டிலிருக்கிற எல்லா மாத்திரையையும், எல்லா டாக்டர் சீட்டையும் ஒரே பையில் போடுங்கள். நாட்டு மருந்து, சத்து மாத்திரை, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தது, எதையும் விட வேண்டாம். அம்மாவையும் கூட்டிக்கொண்டு மதியம் மூணு மணி வாக்கில் கடைக்குப் போங்கள், அப்போது கூட்டம் இருக்காது. பையைக் கவுண்டரில் கொட்டி, எதெது ஒன்றேதான், எதை எதோடு சேர்த்துப் போடக் கூடாது, எது காலாவதி ஆகிவிட்டது என்று பார்மசிஸ்ட்டைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். சந்தேகம் என்று அவர் சொல்வதை ஒரு தாளில் எழுதி அடுத்தமுறை டாக்டரிடம் காட்டுங்கள். பிறகு கவரில் காலை, மதியம், இரவு என்று பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். அம்மாவுக்குக் கண்ணாடி போடாமல் படிக்க வேண்டும்.